பாலை வானில் ஒட்டிய நிலா

எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் முதலில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு உட்காருவது டச்சிங்காரரின் வழக்கம். டீக்கடைக்குப் போனால் மேசையைத் துடைப்பார். தம்ளரின் விளிம்பைத் துடைப்பார். எதிரே இருப்பவர் கொஞ்சம் ஏமாந்தால் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவார். இதற்கென்றே அவருடைய இடது கையில் மெல்லிய மஞ்சள் துணி ஒன்று எந்நேரமும் மடிந்து கிடக்கும். லென்ஸ் துடைக்கிற துணி அது.

"மாப்ளே, என்னைக்காவது ஞாபக மறதியில அந்தத் துணியால வானத்தைத் துடைச்சிடாதே!" என்று அவருடைய அக்காவின் கணவர் கேலி செய்வார். பின்னால் நடக்கப்போவதைத் தாம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம் என்பது அந்த நல்ல மனிதருக்கு அப்போது தெரியாது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், சாவி செய்கிறவர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அவரும் அக்காவும் நடத்திய ஸ்டூடியோ இருந்தது. முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, யாருக்கும் சரியாகப் பொருந்தாத ஒரு கறுப்புக் கோட்டு. அடுத்த அறையில் திரைச்சீலையும் குடை விளக்குகளும். அதற்கும் உள்ளே, பெட்டி போன்ற சிற்றறையில் டச்சிங்காரரும் அவருடைய கம்ப்யூட்டரும். அக்கா படம் எடுப்பார்; தம்பி திருத்துவார். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கலைந்த முடி, கசங்கிய காலர் எதுவும் அவருடைய மவுஸுக்குத் தப்பி வெளியே போனதில்லை. இந்த வேலைக்கு ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டச்சிங். அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துபோய், கடைசியில் டச்சிங்காரர் என்பதே நிலைத்துவிட்டது.

இதனால் சில சமயம் வம்பும் வந்ததுண்டு. மருந்துக் கடை அம்மாள் தம் கல்யாணப் படத்தோடு ஒருநாள் கடைக்கு வந்தார்.

"ஏங்க, உதட்டுக்கு மேல எனக்கு ஒரு மரு இருக்குமே, அது எங்கே போச்சு?"

"எடுத்துட்டேங்க. இப்போ அழகா இருக்குல்ல?"

"அழகாத்தான் இருக்கு. நான்தான் அதுல இல்லை. எங்க வீட்டுக்காரர், 'இது யாரு, உன் தங்கச்சியா?'ன்னு கேக்குறாரு."

டச்சிங்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

துடைப்பது போதாதென்று ஒட்டுவதும் உண்டு. கல்யாணப் படங்களில் மணமக்களின் தலைக்கு மேலே வெறுமையாக இடம் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. தம்மிடம் இருந்த அழகான பிறை நிலா ஒன்றை அங்கே ஒட்டிவிடுவார். ஒரே நிலாதான். சற்றுச் சாய்ந்து, மெலிந்து, கீழ்நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஊரில் பாதி வீடுகளின் சுவர்களில் அந்த நிலா காய்ந்துகொண்டிருந்தது. "உன் நிலாவுக்குத் தேய்பிறையும் கிடையாது, லீவும் கிடையாது" என்பார் மாமா.

அக்காவின் குணம் இதற்கு நேர் எதிர். ஸ்டூடியோவில் வயிற்றுப்பாட்டுக்குப் படம் எடுத்தாலும் அவருடைய மனம் ஊருக்கு வெளியே விரிந்து கிடந்த பாலைவனத்தில்தான் இருந்தது. நிலா இல்லாத இரவுகளில், மாமாவின் வேனில் கேமராவையும் கம்பளியையும் ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்படுவார்கள். தார்ச்சாலை முடிந்து மணல் தடம் தொடங்கி, அதுவும் மங்கிப்போகும் இடத்தில், படுத்திருக்கும் ஒட்டகம் போல ஒரு தனிப் பாறை உண்டு. அதுதான் அக்காவின் இடம். மாமா வேனுக்குள் குறட்டை விடுவார். அக்கா வானத்தைப் படம் பிடிப்பார்.

அது பொத்தானை அமுக்கிவிட்டு வரும் வேலை அல்ல. ஷட்டரைத் திறந்து வைத்து, நட்சத்திர ஒளி சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதிகம் காத்திருந்தால் பூமி சுழல்கிற சுழற்சியில் புள்ளிகள் எல்லாம் கோடுகளாக இழுபட்டுவிடும். அவசரப்பட்டு மூடினால் இருட்டுத்தான் மிஞ்சும். அடுத்தடுத்து அப்படி எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவார் அக்கா. இருட்டில் கேமரா தானாகவே சில பொய்ப் புள்ளிகளைப் போட்டுவிடும். ஆனால் நட்சத்திரம் எல்லாப் படத்திலும் தன் இடத்தில் இருக்கும். பொய்ப் புள்ளியோ படத்துக்குப் படம் இடம் மாறும். அடுக்கிப் பார்க்கும்போது பொய் கரைந்துவிடும், மெய் துலங்கும். இத்தனையும் ஒரே ஒரு படத்துக்காக.

தம்பிக்கு அக்காவின் உழைப்பில் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் ஒருமுறைகூட அவர் கூடப் போனதில்லை. கூப்பிட்டால், "மணல் லென்ஸுக்கு ஆகாது அக்கா" என்பார். "லென்ஸை நான் பாத்துக்கறேன், நீ வாடா" என்றால், "பாம்பு இருக்குமே" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்த வானாய்வு நிலையத்துப் பேராசிரியை, பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரில் மாட்டியிருந்த பாலைவன இரவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எந்தத் திசை, எந்தப் பருவம் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க நிலையத்துல நீளமா ஒரு கூடம் இருக்கு. உங்க படங்களை அங்கே மாட்டலாமா? கண்காட்சியா வெச்சு ஊரைக் கூப்பிடுவோம். ஒரே ஒரு நிபந்தனை. வானத்துல இருந்தது படத்துல இருக்கணும். இல்லாதது இருக்கக் கூடாது. வர்றவங்க படத்தைப் பாத்துட்டு, அதே ராத்திரி வெளியே போயி வானத்துல அதையே தேடிக் கண்டுபிடிக்கணும். அதுக்காகத்தான் கேக்குறேன்."

"என் படத்துல இல்லாதது இருக்காது மேடம்" என்றார் அக்கா. அந்த வாக்கைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை டச்சிங்காரர் உள்ளறையிலிருந்து கேட்டார். கேட்டு மகிழ்ந்தார். ஆனால் வாக்கின் பொருளை அவர் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

கூடத்தின் நடுச்சுவருக்கென்று அக்கா ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தார். ஒட்டகப் பாறையின் முதுகிலிருந்து பால்வீதி புகைபோல எழுந்து வானத்தை இரண்டாக வகிர்ந்து போகும் படம். பிரிண்டுக்கு அனுப்பும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் படம் எடுக்கப் போய்விட்டார்.

டச்சிங்காரர் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தார். பார்க்கப் பார்க்க, மேல் மூலையில் இருந்த இருட்டு அவரை உறுத்தியது. விளக்கேற்றாத வீடு போல இருந்தது அது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம், நடுச்சுவரில் மாட்டப்போகும் படம், பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டாமா? அக்கா திரும்பி வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! கை தானாகக் கம்ப்யூட்டரில் இருந்த படப் பெட்டகத்தைத் திறந்தது. கல்யாண நிலா வெளியே வந்தது. ஒட்டிப் பார்த்தார். ஓரங்களை மென்மையாக்கினார். அவர் கண்ணுக்கு வானமே குடும்பம் நடத்தத் தொடங்கியது போல இருந்தது. படத்தைப் பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பினார். அதோடு விட்டாரா? கல்யாணப் படங்களை ஒப்படைத்த பிறகு கேமரா கொடுத்த மூலப் படங்களை அழித்துக் கம்ப்யூட்டரில் இடம் பண்ணுவது அவருடைய நீண்ட நாள் ஒழுங்கு. அதே ஒழுங்கின்படி, கண்காட்சிப் படங்கள் அத்தனைக்கும் மூலமாக இருந்தவற்றைத் துடைத்தெடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

கண்காட்சிக்குச் சில நாள் இருக்கும்போது, எல்லாம் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கூடத்துக்கு வரச்சொன்னார் பேராசிரியை. அக்கா, மாமா, டச்சிங்காரர் மூவரும் வேனில் குன்றேறினார்கள். நடுச்சுவரின் முன்னால் பேராசிரியையும் வரவேற்பறைப் பெண்ணும், படம் மாட்டிய ஆட்களும் நின்றிருந்தார்கள்.

அக்கா படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்ததைத் தம்பி பார்த்தார். சந்தோஷத்தில் அப்படி ஆகுமோ என்று ஒரு கணம் நினைத்ததுதான் அவருடைய பேதைமை.

"பிறையோட ரெண்டு நுனிக்கும் நடுவுல பாருங்க" என்றார் பேராசிரியை அமைதியாக. "ஒரு நட்சத்திரம் தெரியுது. நிலா பிறையாத் தெரிஞ்சாலும் அங்கே இருக்கிறது முழு உருண்டை. இருட்டாயிருக்கிற பக்கம் கண்ணுக்குத் தெரியலையே தவிர, கல்லு மாதிரி அங்கேயே நிக்குது. அதுக்கு முன்னால எப்படி நட்சத்திரம் வரும்?"

வரவேற்பறைப் பெண் தயங்கித் தயங்கி ஓரடி முன்னால் வந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த நிலா எங்க வீட்டு ஹால்ல இருக்கு."

"நிலாவா? ஹால்லயா?"

"கல்யாணப் படத்துல மேடம். எனக்கும் அவருக்கும் நடுவுல. கீழ்நுனி இப்படித்தான் மழுங்கி இருக்கும்."

படம் மாட்டிய ஆட்களில் ஒருவர், "எங்க வீட்லயும் இருக்குங்க" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். "ஒரு படத்துல இல்லாததை ஒட்டியிருந்தா, மத்த படங்களை நான் எதை வெச்சு நம்புறது? கேமரா கொடுத்த மூலப் படங்களைக் கொண்டுவந்து காட்டுங்க. பாத்துடலாம்."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். மஞ்சள் துணி அவர் கைக்குள் உருண்டையாகச் சுருண்டது. அந்தப் பார்வையும் குனிந்த தலையும் அக்காவுக்குப் போதுமானதாக இருந்தன.

"மூலப் படம் இப்போ இல்லை மேடம்" என்றார் அக்கா. "என் பேர்ல வந்த படம். பொறுப்பு என்னோடது."

நான்தான் செய்தேன் என்று சொல்ல டச்சிங்காரர் வாயெடுத்தார். அத்தனை பேர் நின்றிருந்தார்கள்; அத்தனை பேர் வீட்டிலும் அவருடைய நிலா இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அக்காவின் படங்கள் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறங்கின. ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன.

திரும்பும் வழியில் வேனுக்குள் மௌனம் மூச்சை அடைத்தது. அதைக் கலைக்க நினைத்த மாமா, தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"ஒரு நண்டு இருந்துச்சாம். கடற்கரையில யாரு காலடி பட்டாலும் அதுக்குப் பிடிக்காதாம். ஓடி ஓடி மணலைக் கூட்டிச் சுத்தமா வெக்குமாம். ஒருநாள் அதோட குஞ்சு வெளியே போச்சு. தடத்தைப் பிடிச்சுத் திரும்பி வரலாம்னு பாத்தா, தடமே இல்லை. அம்மாதான் கூட்டிட்டாளே!"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார் அக்கா.

வீடு வந்து இறங்கும்போது, திட்டாமல், குரலை உயர்த்தாமல், அக்கா ஒன்று சொன்னார்: "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்டா."

திட்டியிருந்தால் டச்சிங்காரர் தூங்கியிருப்பார்.

மறுநாள் காலை அவர் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. குன்றுக்கு நடந்தே போனார். பேராசிரியையின் அறையில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "நிலாவை ஒட்டினது நான். மூலப் படத்தைத் துடைச்சதும் நான். அக்காவுக்கு எதுவுமே தெரியாது. நேத்து அவ பழியைத் தூக்கிக்கிட்டா. நான் பக்கத்துலயே மரம் மாதிரி நின்னேன்."

"ஏன் ஒட்டினீங்க?"

"நல்லா இருக்கும்னு நினைச்சேன் மேடம்."

பேராசிரியை மேசைமேல் இருந்த நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா உங்க சொல்லை நான் சுவத்துல மாட்ட முடியாதே. கண்காட்சிக்கு முன்னால இருட்டு ராத்திரி இன்னும் மிச்சம் இருக்கு. உங்க அக்கா மறுபடி எடுக்கட்டும். எடுத்தது எல்லாம், ஒண்ணு விடாம, கேமராவுல இருந்தபடியே என்கிட்ட வரணும். அதைப் பாத்துட்டு மத்த படங்களைப் பத்தியும் முடிவு பண்றேன்."

வீட்டுக்குத் திரும்பி டச்சிங்காரர் இதை அக்காவிடம் சொன்னார். அக்கா எண்ணெய் காயும் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். "நீயே போயி சொன்னியா?"

"ஆமா."

"நடந்தா?"

"ஆமாக்கா."

"சரி, சாப்பிடு. அப்புறம் மூட்டையைக் கட்டு. இந்தத் தடவை பாம்பு, பல்லின்னு ஏதாவது சொன்னே, வேன் மேல கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அன்று மாலை பாலைவனத்தில் புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒட்டகப் பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டின் கால்களுக்கு அக்கா பிளாஸ்டிக் பைகளைச் சுற்றிக் கட்டினார். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, காற்றில் ஆடாதபடி ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டார். லென்ஸுக்கு மூடி, மூடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் தம் கை. டச்சிங்காரர் இவற்றையெல்லாம் வேனின் மறைவிலிருந்து பார்த்தார். ஸ்டூடியோவில் குடை விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னால்கூட முணுமுணுக்கும் தாம், அக்கா இந்தக் காற்றில் வளைந்து நின்று எடுத்த படத்தைத்தான் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து திருத்தினோம் என்று நினைத்தபோது அவருக்குக் கூசியது.

"காத்து நிக்காது போலிருக்கே அக்கா. நாளைக்கு வரலாமா?"

"நிக்கும்."

"எப்படிச் சொல்றே?"

"நிக்கலைன்னா நாமதான் நிக்கணும். வேற என்ன பண்றது?"

வேனுக்குள் மாமாவின் குறட்டை காற்றோடு போட்டி போட்டது. வெகுநேரத்துக்குப் பிறகு, யாரோ கதவைச் சாத்தியதுபோல, காற்று அடங்கியது. புழுதி மெல்ல மெல்லத் தரையில் படிந்தது. டச்சிங்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த தலை அப்படியே நின்றுவிட்டது.

வானம் என்று அவர் அதுவரை நினைத்திருந்தது தெருவிளக்குகளுக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கூரை. இங்கே கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் ஆழம் இருந்தது. அந்த ஆழம் முழுவதும் வெளிச்சம் இறைந்து கிடந்தது. பெரியது, பொடியது, மங்கியது, பொடியிலும் பொடியாகி வெறும் மூச்சுப்புகை போலானது. தேளின் கொடுக்குப் போல வளைந்த நட்சத்திர வரிசை ஒட்டகப் பாறையின் தலைக்கு மேலே தூக்கி நின்றது. பாறையின் முதுகிலிருந்து பால்வீதி எழுந்து உச்சி வழியாக மறுபுறம் இறங்கியது. மணல்மேடுகள் அந்த ஒளியை வாங்கி வெண்சாம்பலாகக் கிடந்தன. நிலா இல்லாமலே மணலில் கால்தடம் தெரிந்தது. அக்காவின் படத்தில் இருந்தது இதுதான். இதில் ஒரு துளிதான். இருட்டு என்று தாம் நினைத்து மூடப் பார்த்த மூலையில் எத்தனை நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன! அங்கேதான் ஒரு மழுங்கிய நிலாவை ஆணியடித்தது போல ஒட்டியிருந்தார்.

"அக்கா."

"ம்."

"இதுல நான் எதையாவது துடைச்சிருப்பேன்னு நினைக்கிறியா?"

"பாதியை. மிச்சப் பாதியைக் கொஞ்சம் சிவப்பாக்கியிருப்பே" என்றார் அக்கா. அவர் குரலில் பழைய கேலி திரும்பியிருந்தது.

அக்கா கேமராவின் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை லென்ஸின் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கண் கூசாமல் இருக்கச் சிவப்புத் தாள் சுற்றிய சிறு டார்ச்சைத்தான் பயன்படுத்தினார். ஷட்டர் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வதைத் தம்பி கவனித்தார். மூச்சு பட்டு ஒன்றும் ஆகிவிடாது. இருந்தாலும் அவரும் பிடித்துக்கொண்டார்.

பாறைக்கு இடப்புறம், அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை தெரிந்தது.

"அது என்னக்கா?"

"நம்ம ஊரு. தெருவிளக்கு வெளிச்சம்."

"படத்துல விழுமே. வேணும்னா அப்புறம் நான்..." என்று தொடங்கியவர் தாமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டா. அங்கேதானே நாம இருக்கோம்?" என்றார் அக்கா.

அப்போது டச்சிங்காரரின் கணுக்காலில் ஏதோ வழுவழுப்பாக ஊர்ந்தது. "பாம்பு!" என்று அலறிக்கொண்டு போன் வெளிச்சத்தைப் போட்டு ஒரு துள்ளுத் துள்ளினார். பாம்பு அல்ல; கேமராப் பையின் வார். ஷட்டரோ திறந்திருந்தது. மாமா வேனிலிருந்து தலையை நீட்டி, "என்ன மாப்ளே, வானத்தைத் துடைக்க ஏணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

திரையில் அந்தப் படம் வந்தது. பால்வீதிக்குக் கீழே, பேய் போல வெளுத்து, வாயைப் பிளந்து, ஒரு காலைத் தூக்கியபடி டச்சிங்காரர் நின்றிருந்தார்.

"அழிச்சிடுக்கா. மானம் போயிடும்."

"எல்லாத்தையும் கொண்டுவரணும்னு மேடம் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்போ இதுவும் வரும்."

மறுநாள் பேராசிரியையின் மேசையில் மெமரி கார்டு வைக்கப்பட்டது. அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். புழுதி மங்கிய தொடக்கப் படங்கள், மெல்லத் தெளிந்தவை, முழுதும் தெளிந்தவை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. திடீரென்று நிறுத்தினார். திரைக்கு அருகே குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். டச்சிங்காரர் அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்காமலே புரிந்துகொண்டு மேலே பார்த்தார்.

"ஏமாத்த நினைக்கிற யாரும் இப்படி ஒரு படத்தை உள்ளே விட்டு வெக்க மாட்டாங்க" என்றார் பேராசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அக்காவின் பக்கம் திரும்பி, "அன்னைக்கு உங்களைச் சந்தேகப்பட்டேன். மத்த படங்களையும் இன்னைக்கே மாட்டச் சொல்றேன். நடுச்சுவரு உங்களுக்காகக் காலியாத்தான் இருக்கு" என்றார்.

அக்கா கைகூப்பினார். வெளியே வந்து படியிறங்கும்போது, டச்சிங்காரர் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி மீண்டும் பேராசிரியையின் அறைக்குள் போய்விட்டுத் திரும்பினார். என்ன என்று அக்கா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைக்கா, ஒரு அனுமதி" என்றார்.

கண்காட்சி தொடங்கிய நாளன்று ஊரே குன்றேறியது. கூடத்தின் வாசலை அடைந்த அக்கா திகைத்து நின்றார். உள்ளே போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் முதலில் படும்படி, ஒரு சட்டத்தில் அந்த நிலா ஒட்டிய படம் வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு தாள்: 'இந்த வானம் என் அக்கா எடுத்தது. இந்த நிலா நான் ஒட்டியது. அக்காவுக்குத் தெரியாமல் ஒட்டினேன்.' பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு டச்சிங்காரர் நின்றிருந்தார்.

"எதுக்குடா இதெல்லாம்? யாரு கேட்டாங்க?"

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வாயை மூடிட்டு நின்னேன்லக்கா. மேடத்துகிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிட்டா அது சரியாயிடுமா? எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்."

அக்கா தம்பியின் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார். அங்கே நடுச்சுவரின் முன்னால் கூட்டம் நெருக்கி நின்றது. ஒட்டகப் பாறையின் முதுகிலிருந்து பால்வீதி எழுந்துகொண்டிருந்தது. அடிவானத்து ஓரத்தில் ஆரஞ்சுக் கறையாக ஊர் இருந்தது.

வாசலில் டச்சிங்காரருக்கு ஓய்வில்லை. படிக்கிறவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள், பலர், "அப்போ எங்க வீட்டு நிலா?" என்று கேட்டார்கள். "அதுவும் என்னோடதுதாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறையின் மடியில் நட்சத்திரம் உட்கார முடியாது என்பதைத் தம் உள்ளங்கையை உருண்டையாகக் குவித்துக் காட்டி விளக்கினார். மருந்துக் கடை அம்மாள் கணவரோடு வந்து தாளை இருமுறை படித்தார்.

"அதெல்லாம் சரி. என் மரு என்னாச்சு?"

"ஒரிஜினல் படத்தை அழிச்சுட்டேங்க. அது என் தப்பு. நாளைக்கு ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு வாங்க. அக்கா புதுசா எடுப்பா. நான் மவுஸைத் தொடவே மாட்டேன்."

"நிலா?"

"கிடையாது."

"அப்பாடா!" என்றார் கணவர்.

வெயில் சாய்ந்தபோது, நின்று நின்று கால் கடுத்திருந்த தம்பிக்கு அக்கா ஒரு நாற்காலியும் டீயும் கொண்டுவந்து வைத்தார். நாற்காலியில் புழுதி படிந்திருந்தது. டச்சிங்காரர் மஞ்சள் துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். மாமா கண்ணை அகல விரித்து அக்காவின் முழங்கையை இடித்தார். அக்கா பார்க்காதது போல இருந்தார். டீயை இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தது. டச்சிங்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, வாங்க. முதல்ல இங்கே என் தப்பைப் பாத்துடுங்க. அப்புறம் உள்ளே போயி எங்க அக்கா வானத்தைப் பாருங்க."